தாவீதின் குமாரன்: செசரியாவிலிருந்து சீயோன் மலை வரை ஆறு நாள்

முதல் நாள், செசரியா

விமான நிலையத்திலிருந்து கடற்கரையோரமாக வடக்கே வந்து, வெயில் ஏறுவதற்குள் செசரியாவின் இடிபாடுகளுக்குள் நுழைந்துவிட்டோம். எங்கள் குழுவில் பெரும்பாலோர் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளைச் சேர்ந்தவர்கள். என்னுடன் பெரியம்மா வந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர். மத்தேயு முதல் அதிகாரத்தில் வரும் இயேசுவின் வம்ச வரலாற்றை ஒரு பெயர்கூடப் பிசகாமல் ஒப்பிப்பார். பேருந்தில் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் குறிப்புகளுக்குக் காரணம். “ஆபிரகாம்லருந்து தாவீது வரைக்கும் பதினாலு தலைமுறை, அங்கருந்து பதினாலு, அதுக்கப்புறம் பதினாலுன்னு எண்ணி எண்ணி எழுதியிருக்கு. அப்பேர்ப்பட்ட ராஜ வம்சத்துப் பிள்ளையச் சிலுவையில அறையும்போது, அந்த வம்சம் ஏன்யா குறுக்க வந்து நிக்கல?”

மனுக்குலத்திற்காக அவர் தம்மையே ஒப்புக்கொடுத்தார் என்பது நாங்கள் இருவரும் நம்புகிற பதில். பெரியம்மா கேட்டது அதுவன்று. அந்த நாட்டில், அந்த ஆட்சியில், அரச குலத்தில் பிறந்தவன் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதே அவருடைய கேள்வி. அதற்கு இந்த ஊரிலேயே பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

1961ஆம் ஆண்டில் அந்தோனியோ ஃப்ரோவா தலைமையில் வந்த இத்தாலிய ஆய்வாளர்கள், இங்குள்ள அரங்கத்தை அகழ்ந்தபோது, பிற்காலத்தில் யாரோ படிக்கல்லாகப் பயன்படுத்தியிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லைக் கண்டெடுத்தார்கள். 82 செ.மீ. உயரமும் 65 செ.மீ. அகலமும் உள்ள கல். அசல் எருசலேமில் இருக்கிறது. இங்கே வெட்டவெளியில் நிற்பது அதன் நகல். இடப்பக்கம் சிதைந்துபோனதால் பெயரின் தொடக்கம் இல்லை. ‘தியுஸ் பிலாத்துஸ்’ என்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த வரியில் அவருடைய பதவியின் கடைசி எழுத்துகளும் ‘யூதேயா’ என்பதன் முதல் எழுத்துகளும் தெரிகின்றன. இயேசுவுக்குச் சிலுவைத் தீர்ப்பு அளித்த ரோம ஆளுநரான பொந்தியு பிலாத்து, பேரரசின் மேல்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அதற்கு அடுத்த வகுப்பிலிருந்து வந்த படைத்துறை அதிகாரி. ஆனால் ரோமக் குடியுரிமை இல்லாத எவருடைய உயிரையும் தம் ஒரு சொல்லால் எடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அவருடைய தலைமையிடம் எருசலேம் அன்று, இந்தக் கடற்கரை. பண்டிகைக் காலங்களில் கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பதற்காகப் படையோடு எருசலேமுக்குப் போவார்.

இதே செசரியாவில்தான் பவுல் இரண்டு ஆண்டுகள் காவலில் இருந்தார். பென்யமீன் கோத்திரத்தார், கூடாரம் செய்யும் தொழிலாளி, அரச ரத்தம் ஒரு துளியும் இல்லை. ஆனாலும் “இராயனுக்கு அபயமிடுகிறேன்”, அதாவது பேரரசரிடமே முறையிடுகிறேன், என்று அவர் சொன்னவுடன், அப்போதைய ஆளுநர் பெஸ்து அவரைக் கப்பலேற்றி ரோமாபுரிக்கு அனுப்பவேண்டியதாயிற்று. பவுல் பிறப்பிலேயே ரோமக் குடிமகன். நாசரேத்தூர் இயேசு அப்படியல்லர். அந்த ஆட்சியில் ஒருவனுக்குக் கேடயமாக இருந்தது தகப்பன் வழி வந்த ரத்தமன்று, ரோமாபுரி கொடுத்த உரிமை. கடலைப் பார்த்தபடி இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆனால் பாதிக் கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இரண்டாம் நாள், நாசரேத்து

இன்று நாசரேத்து ஒரு பெரிய நகரம். அன்று பெயர் சொல்லும்படியில்லாத சிற்றூர். தேவாலயத்தில் ஆராதனை முடித்துக்கொண்டு, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செப்போரிசுக்குப் போனோம். அந்த மேட்டில் ஏறி நின்ற பிறகுதான், நாசரேத்தூரார் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பது எனக்கு விளங்கியது.

கி.மு. 4இல், ரோமாபுரியின் கீழ் யூதேயாவை ஆண்ட ராஜா ஏரோது இறந்ததும் நாடு முழுவதும் கலகம் எழுந்தது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிய நூலில் மூன்று பெயர்கள் வருகின்றன. ஏரோதின் அடிமையாக இருந்த சீமோன் முடி சூட்டிக்கொண்டான். ஆத்ரோங்கேஸ் என்ற ஆட்டிடையனும் முடி சூட்டிக்கொண்டான். எசேக்கியாவின் மகன் யூதாஸ் இந்தச் செப்போரிசின் ஆயுதக் கிடங்கை உடைத்துத் தன் ஆட்களிடம் கொடுத்தான். சீரியாவின் ரோம ஆளுநர் வாருஸ் படையோடு வந்தார். செப்போரிஸ் எரிக்கப்பட்டது, ஊரார் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், அதே படையெடுப்பில் ஏறத்தாழ 2,000 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். இயேசு பிறந்ததும் ஏறக்குறைய அதே காலம். ராஜா என்று ஒருவன் தன்னை அழைத்துக்கொண்டால் முடிவு என்ன என்பது, கலிலேயாவின் ஒவ்வொரு வீட்டுப் பெரியவருக்கும் நேரில் தெரிந்திருந்த செய்தி.

முறைப்படி ஆண்டவர்களுக்கும் அந்தச் சொல் எளிதில் கிட்டவில்லை. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா வெறும் காற்பங்கு அதிபதி. ராஜா என்ற பட்டம் வேண்டுமென்று கி.பி. 39இல் ரோமாபுரிக்கே போய்க் கேட்டவர், பட்டத்துக்குப் பதிலாக நாடுகடத்தலைப் பெற்றுக்கொண்டார். ஜனங்கள் தம்மைப் பலவந்தமாக ராஜாவாக்கப் பார்க்கிறார்கள் என்று அறிந்து இயேசு தனியே மலைக்கு விலகிப்போனதாக யோவான் சொல்கிறாரே, அந்த வசனத்தை இந்த மேட்டில் நின்று படிக்கவேண்டும்.

தாவீதின் குலம் சிங்காசனத்தை இழந்தது கி.மு. 586 வாக்கில். கடைசி அரசன் சிதேக்கியாவின் கண்முன்னே அவன் பிள்ளைகளை வெட்டிவிட்டு, பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள் பாபிலோனியர். சிறையிருப்பிலிருந்து திரும்பியபோது தாவீது வழிவந்த செருபாபேல் பாரசீகரின் கீழ் ஒரு தலைவனாக இருந்தான். அதற்குப் பிறகு அந்தக் குலத்தில் ஒருவரும் எருசலேமில் ஆளவில்லை. இயேசுவின் நாளுக்குள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அரண்மனையோ படையோ நிலமோ வரியோ மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு பெயரும், அந்தப் பெயரோடு ஒட்டியிருந்த தீர்க்கதரிசனமும் மட்டுமே.

மூன்றாம் நாள், எரிகோ

யோர்தான் பள்ளத்தாக்கு வழியே தெற்கே இறங்கினோம். சகேயு ஏறிய மரம் என்று காட்டப்படும் அத்தி மரத்தடியில் குழுவினர் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மாவும் நானும் இன்னும் நால்வரும் வாடகைக் கார்களில் ஊருக்கு வெளியே, ஓடை வந்து விழும் இடத்திலிருக்கும் ஏரோதின் குளிர்கால அரண்மனை இடிபாடுகளுக்குப் போனோம். அங்கே காவலோ கட்டணமோ இல்லை. மண்மேடுகளும், சிறு கற்களைச் சாய்சதுரமாக அடுக்கிக் கட்டிய ரோமபாணிச் சுவர்களும், தூர்ந்துபோன குளங்களும்தான். இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுவே.

ஏரோது அரச குலத்தவன் அல்லன். இதுமேயாவைச் சேர்ந்தவன். கி.மு. 40இல் ரோமாபுரியின் மேல்சபை தீர்மானம் போட்டு அவனை யூதேயாவின் ராஜாவாக்கியது. அப்போது உண்மையிலேயே அரச குலம் ஒன்று உயிரோடிருந்தது: மக்கபேயர் வழிவந்த அஸ்மோனியர். அவர்கள் தாவீதின் மரபினர் அல்லர், லேவியின் மரபில் வந்த ஆசாரியர்கள். ஆனாலும் ஆண்டு அனுபவித்த குலம், மக்கள் மதித்த குலம். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். கடைசி அரசன் அந்திகோனை, ஏரோதின் விருப்பப்படி, அந்தியோகியாவில் மார்க் ஆண்டனி தலைவெட்டச் சொன்னார். முதியவரான இர்க்கான் கி.மு. 30இல் கொல்லப்பட்டார். ஏரோதின் மனைவியும் அந்தக் குலத்து இளவரசியுமான மரியம்னே கி.மு. 29இல் கொல்லப்பட்டாள். அவள் பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகளை, அதாவது தன் சொந்த மக்களை, ஏரோது கி.மு. 7இல் கழுத்தை நெரித்துக் கொல்ல ஆணையிட்டான்.

மரியம்னேயின் தம்பி அரிஸ்தொபூலின் முடிவு நடந்தது இங்கே, இந்தக் குளங்களில் ஒன்றில். அவனுக்குப் பதினெட்டு வயதுகூட நிறைந்திருக்காது. பிரதான ஆசாரியனாக அவன் கூடாரப் பண்டிகையில் பலிபீடத்தண்டை நின்றபோது, அவனுடைய அழகையும் குலத்தையும் கண்டு ஜனங்கள் கண்ணீரோடு ஆர்ப்பரித்தார்கள். அந்த ஆர்ப்பரிப்பே அவனுக்கு எமனாயிற்று. எரிகோ அரண்மனையில் விருந்து முடிந்து, வெக்கை தாளாமல் இளைஞர்கள் நீந்தும்போது, விளையாடுவது போல் அவனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்கள், மேலே வரவிடவில்லை. பிறகு ஏரோது மிகச் சிறப்பாக அடக்கம் செய்தான். குளத்தின் கரைச்சுவர் இன்றும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. உள்ளே முள்செடி முளைத்திருக்கிறது.

பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “பர்திமேயு கத்துனது இந்த ஊர்லதானே?” என்றார். ஆமாம், இதே ஊர்தான். வழியோரத்தில் பிச்சைக்கு உட்கார்ந்திருந்த குருடன், “தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்” என்று கூப்பிட்டதும், பேசாதிருக்கும்படி பலர் அவனை அதட்டினார்கள். சத்தம் போட்டதற்காக அதட்டினார்கள் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அரச குலத்தின் பெயர் ஒரு பையனைக் கொன்ற ஊரில், எருசலேமுக்குப் போகும் பண்டிகைக் கூட்டத்தின் நடுவே, அந்தப் பெயரை ஒருவன் உரக்கக் கூவினால் அருகில் நின்றவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும் என்று இன்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் அந்தக் குளத்தைப் பார்த்தபின் அதை விலக்கிவிட முடியவில்லை.

நான்காம் நாள், பெத்லகேம்

பிறப்பின் ஆலயத்துக்குள் குனிந்துதான் நுழையவேண்டும். வாசல் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமே. குகைக்குள் தரையில் பதித்த வெள்ளி நட்சத்திரத்துக்குப் பதினான்கு முனைகள். பெரியம்மா மண்டியிட்டு ஒவ்வொரு முனையையும் விரலால் தொட்டு எண்ணினார். எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் மூன்று எழுத்துகளுக்கும் 4, 6, 4, கூட்டினால் 14. மத்தேயு தலைமுறைகளைப் பதினான்கு பதினான்காக அடுக்கியதற்கு இதுவே காரணம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். மத்தேயு சாலொமோன் வழியாகவும், லூக்கா தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாகவும் வம்சத்தைக் கொண்டுவருகிறார்கள். இரண்டும் வந்து நிற்பது யோசேப்பு என்ற தச்சனிடம்.

இந்த வம்சாவளியை ரோமாபுரி பார்த்த விதம் வேறு. நமக்கு அது தேவன் கொடுத்த வாக்குத்தத்தம் நிறைவேறியதன் சான்று. பிலாத்துக்கோ ஏரோதுக்கோ அது தங்கள் அனுமதியின்றி ஒருவன் ஆளவந்துவிடலாம் என்பதன் சான்று. பெத்லகேமில் பிறந்த பிள்ளையைப் பற்றிச் சாஸ்திரிகள் கேட்டபோது ஏரோது கலங்கினான் என்று மத்தேயு எழுதுகிறார். நேற்று அந்தக் குளத்தைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அந்த ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்தது.

ஐந்தாம் நாள், எருசலேம்

காலையில் ஒலிவ மலை. பரமண்டல ஜெபத்தைப் பல மொழிகளில் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கும் ஆலயத்தில், தமிழ் ஓட்டின் முன் எங்கள் குழு ஒரே குரலில் ஜெபித்தது. ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்ற வரியில் எனக்குக் குரல் கம்மியது. ஆயிரம் முறை சொன்ன வரிதான், ஆனால் அது எவ்வளவு ஆபத்தான வரி என்பது இந்த ஐந்து நாளில் புரிந்திருந்தது.

அங்கிருந்து இறங்கும் சரிவில்தான் குருத்தோலைப் பவனி. “தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா” என்று மத்தேயுவில் வருகிறது. மாற்கு இன்னும் வெளிப்படையாக, நம்முடைய பிதாவாகிய தாவீதின் ராஜ்யம் வருகிறது என்று கூட்டம் பாடியதாக எழுதுகிறார். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற நாளைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகை. நகரம் நிறைய வெளியூர் ஜனம். அந்தச் சமயத்துக்கென்றே செசரியாவிலிருந்து வந்திறங்கிய படை. அந்த வாரத்தில் அந்தப் பாட்டு வாழ்த்துப்பாட்டாக மட்டும் கேட்டிருக்காது.

பிற்பகலில் யோப்பா வாசலருகேயுள்ள கோட்டைக்குப் போனோம். ‘தாவீதின் கோபுரம்’ என்று எல்லா வழிகாட்டிப் பலகைகளிலும் இருக்கிறது. தாவீதுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் பிற்காலத்தவர் இட்டது. அடியிலிருக்கும் பெருங்கற்கள் ஏரோது கட்டிய மூன்று கோபுரங்களில் ஒன்றினுடையவை. அந்த மூன்றில் இன்னொன்றுக்கு, தான் கொல்வித்த மனைவி மரியம்னேயின் பெயரை அவன் வைத்திருந்தான். கோபுரங்களுக்குத் தெற்கே அவனுடைய அரண்மனை இருந்தது; எருசலேமுக்கு வரும் ரோம ஆளுநர்கள் தங்கியது அங்கேதான். எனவே பிலாத்துவின் நியாயாசனமும் இந்தப் பக்கமே இருந்திருக்கவேண்டும் என்பது இன்று ஆய்வாளர் பலருடைய முடிவு.

நான்கு சுவிசேஷங்களிலும் பிலாத்து இயேசுவிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: “நீ யூதருடைய ராஜாவா?” யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தில் எழுந்தது தேவதூஷணம் என்ற குற்றச்சாட்டு. அது ஒரு ரோம அதிகாரியைச் சிலுவைத் தீர்ப்புக்குக் கொண்டுபோகாது; ராஜா என்ற சொல் கொண்டுபோகும். அந்தச் சங்கத்தின் தலைவர் காய்பாவும் ரோம ஆளுநர் நியமித்த பிரதான ஆசாரியர். பண்டிகையில் கலகம் எழுந்தால் முதலில் கைநீட்டிக் கேட்கப்படுபவர் அவரே. தீர்ப்பும் ஆணியும் ரோமாபுரியினுடையவை. இதைப் பிற்காலத்தில் ஓர் இனத்தின்மேல் ஏற்றிப் பழிதீர்த்தவர்கள், நாம் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ‘பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு’ என்றிருப்பதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

யோவானில் வருகிற ஒரு மிரட்டல்தான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவைக்கிறது: இவனை விடுதலை செய்தால் நீர் இராயனுக்குச் சிநேகிதனல்ல. இராயனுடைய சிநேகிதம் பிலாத்துவின் பதவிக்கே வேர். எதிரில் நிற்பவன் தாவீதின் வம்சத்தவன் என்று யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், அது அவரைத் தயங்கவைத்திருக்காது. கையை விரைவாகக் கழுவவைத்திருக்கும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிலாத்து சீஷர்களைத் தேடிப் பிடிக்கவில்லை. ஆயுதம் ஏந்திய கூட்டம் என்று எண்ணியிருந்தால் வாருஸ் செய்ததைப் போல் சிலுவைகளை வரிசையாக நட்டிருப்பார். அவர் அஞ்சியது படைக்கன்று. திரண்டிருந்த ஜனத்தின் வாயில் ஏறிவிட்ட அந்தப் பெயருக்கே.

முதல் நாள் நான் எழுதிய ஒன்றை இங்கே திருத்தவேண்டும். கி.பி. 66இல் இதே அரண்மனை முன் நியாயாசனம் போட்டு உட்கார்ந்த ஆளுநர் ஃப்ளோருஸ், ரோமத் தகுதி பெற்ற யூதப் பெருமக்களையே வாரால் அடித்துச் சிலுவையில் அறைந்ததாக யோசேபஸ் எழுதியிருக்கிறார். குடியுரிமைக் கேடயமும் அதிகாரி மதிக்கும்வரைதான்.

மாலையில் கல்லறைத் திருத்தலத்தின் செங்குத்தான படிகளில் பெரியம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிக் கொல்கொதா வரை கொண்டுபோனேன். சிலுவையின் தலைமாட்டில் எபிரேயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழியிலும் எழுதி வைத்த பலகை: நசரேயனாகிய இயேசு, யூதருடைய ராஜா. அது குற்றப்பத்திரிகை. தன்னை ராஜா என்று அவன் சொன்னதாக எழுதும்படி பிரதான ஆசாரியர்கள் கேட்டபோது, “நான் எழுதினது எழுதினதே” என்றார் பிலாத்து. இயேசுவைக் காப்பாற்றியிருக்கவேண்டிய வம்சப் பெயர் தலைக்குமேல் தண்டனைக்குரிய காரணமாக அடிக்கப்பட்டிருந்தது.

ஆறாம் நாள், அருங்காட்சியகமும் சீயோன் மலையும்

இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் தொல்லியல் பகுதியில் மூன்று பொருள்களுக்காக மட்டும் நடந்தேன். முதலாவது, 1993இல் வடக்கே தாண் மேட்டில் கிடைத்த அரமேயக் கல்வெட்டு, கி.மு. 9ஆம் நூற்றாண்டினது. அதில் ‘தாவீதின் வீடு’ என்ற தொடர் இருக்கிறது. எழுதியவன் அந்த வீட்டின் பகைவன். அதன் அரசனைக் கொன்றதைப் பெருமையாகப் பொறித்திருக்கிறான். இரண்டாவது, செசரியாவில் நகலாகக் கண்ட பிலாத்துவின் கல்.

மூன்றாவது, 1968இல் எருசலேமின் வடபகுதிக் கல்லறை ஒன்றில் கிடைத்த யோகனான் என்பவனுடைய குதிகால் எலும்பு. பக்கவாட்டில் 11.5 செ.மீ. இரும்பாணி ஊடுருவியிருக்கிறது, முனை வளைந்துபோனதால் உறவினரால் பிடுங்க முடியவில்லை, அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள். துருவேறிய அந்த ஆணியின் தலை என் கட்டைவிரல் நகம் அளவு தெரிந்தது. பெயர் பொறித்த கற்பெட்டியில் எலும்பை எடுத்துவைக்கும் வசதியுள்ள குடும்பத்தவன் அவன். அதுவும் அவனைக் காக்கவில்லை.

மாலையில் சீயோன் மலை. ஒரே கட்டடத்தில் கீழே தாவீதின் கல்லறை என்று வணங்கப்படும் இடம், மேலே கடைசி இராப்போஜனம் நடந்ததாகக் கொள்ளப்படும் அறை. கல்லறையின்மேல் எபிரேய எழுத்துகள் தைத்த துணி போர்த்தியிருக்கிறது. பெண்கள் பகுதியில் இருவர் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாவீது அடக்கம் செய்யப்பட்டது கீழேயுள்ள ‘தாவீதின் நகரத்தில்’ என்றே வேதத்தில் இருக்கிறது என்று பெரியம்மா என் காதோரம் சொன்னார்.

வெளியே மதிலோரக் கற்பலகையில் உட்கார்ந்து, இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். இரண்டாம் நூற்றாண்டில் எகெசிப்பு என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதி, யூசேபியு தம் சபை வரலாற்றில் காத்துவைத்த செய்திகள் அவை. கி.பி. 70இல் எருசலேம் விழுந்தபின், தாவீதின் வம்சத்தில் ஒருவரும் மிஞ்சக்கூடாதென்று எல்லாரையும் தேடச்சொன்னார் பேரரசர் வெஸ்பாசியன். திராயான் காலத்தில், எருசலேம் சபையின் கண்காணியும் இயேசுவின் உறவினருமான குளோப்பாவின் மகன் சிமியோன், முதிர்ந்த வயதில் சிலுவையில் அறையப்பட்டார். அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம் இரண்டு: கிறிஸ்தவன் என்பது ஒன்று, தாவீதின் வம்சத்தவன் என்பது மற்றொன்று.

வெஸ்பாசியன், திராயான் இருவர் காலத்துக்கும் நடுவே, தொமித்தியன் ஆட்சியில், இயேசுவின் சகோதரனான யூதாவின் பேரப்பிள்ளைகளைப் பிடித்துப் பேரரசர் முன் நிறுத்தினார்கள். நீங்கள் தாவீதின் வம்சமா என்று கேட்டார், ஆம் என்றார்கள். சொத்து எவ்வளவு என்று கேட்டார். இருவருக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் தெனாரி பெறும், அதுவும் வெள்ளியாக அல்ல, 39 பிளெத்ரா நிலமாக, அதை நாங்களே உழுது வரி கட்டிப் பிழைக்கிறோம் என்று சொல்லி, காய்த்துப்போன கைகளை நீட்டிக் காட்டினார்கள். கிறிஸ்துவின் ராஜ்யத்தைப் பற்றிக் கேட்டபோது, அது இவ்வுலகத்தினுடையதன்று, காலத்தின் முடிவில் வருவது என்றார்கள். தொமித்தியன் அவர்களை எளியவர்கள் என்று இகழ்ந்து விட்டுவிட்டார்.

“நம்ம கணக்குக்கு அது எத்தன ஏக்கர்யா?” என்று கேட்டார் பெரியம்மா. கைப்பேசியில் கணக்குப் போட்டு, ஏறத்தாழ ஒன்பது ஏக்கர் என்றேன்.

“மானாவாரியாத்தான் இருந்திருக்கும்,” என்றார். “ரெண்டு குடும்பம். வரி போக வாய்க்கும் வயித்துக்குமே சரியாப் போயிருக்கும்.”